பதினான்காம் பக்கத்து யானை

எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலைக்குப் பத்துக் கேள்விகள்தான் கேட்கலாம். எழுதப்பட்ட விதி இது; தண்ணீர்க் குடுவைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் தம் ஐயத்தைக் கேள்விப் பட்டியலில் எழுத வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அதை வாடிக்கையாளருக்கு அனுப்புவார். பதில் அதே பட்டியலின் அடுத்த கட்டத்தில் வந்து விழும். வாடிக்கையாளரோடு நேரே பேசும் உரிமை திருத்துநர் ஒருவருக்கு மட்டுமே உண்டு.

அந்தத் திருத்துநர் மாத இறுதியில் ஓய்வுபெறவிருந்தார். அவருடைய நாற்காலியை நான் விரும்பினேன். நாற்காலியை என்பதைவிட, அதன் எதிரே மேசைமேல் இருந்த தொலைபேசியை என்று சொல்வதே சரி. பதினோரு ஆண்டுகள் ஸ்பானிய இலக்கணம் கற்பித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். கட்டம் கட்டமாகக் கேள்வி எழுதிப் பதிலுக்காகக் காத்திருப்பது, சாவித்துவாரத்தின் வழியே சோறு ஊட்டிக்கொள்வதைப் போன்றது என்பதை ஐந்து ஆண்டுகளில் தெரிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு அங்கே 'கேள்விக்குறி' என்று பெயர். ஒவ்வொரு வேலையிலும் பத்துக் கேள்விகளையும் செலவழித்துவிடுவேன். அடுத்த மேசைக்காரருக்குப் 'புயல்' என்று பெயர். நான் நான்கு நாளில் முடிப்பதை அவர் இரண்டு நாளில் முடிப்பார். ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்; கேள்வி எழாததால் அவருக்குப் பதிலும் தேவைப்படவில்லை. திருத்துநர் இடத்துக்குப் போட்டி எங்கள் இருவருக்கிடையில்தான். ஆறு மாதத்தில் மூன்று பிழைப்புள்ளிகளைத் தாண்டாதவருக்கு அந்த இடம். இருவருமே தாண்டவில்லை என்றால், பணியில் மூத்தவருக்கு. நான் மூத்தவன். என் கணக்கில் புள்ளி எதுவும் இல்லை. ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் கேஸ் கீசர் வந்தது.

கீசர் அல்ல, அதன் கையேடு. நாற்பத்தெட்டுப் பக்கம்; ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு. அதில் 'ஷட் ஆஃப்' என்ற தொடர் முப்பத்தேழு இடங்களில் இருந்தது.

நாம் விளக்கை அணைக்கிறோம், குழாயை மூடுகிறோம், மின்சாரத்தைத் துண்டிக்கிறோம். குழாயை அணை என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். ஆங்கிலத்துக்காரர் இந்த மூன்றையும் 'ஷட் ஆஃப்' என்ற ஒன்றிலேயே முடித்துக்கொள்கிறார். ஸ்பானியம் இந்த விஷயத்தில் நம் கட்சி. அணைக்க 'அபகார்', மூட 'செர்ரார்', துண்டிக்க 'கொர்த்தார்'. மூன்றும் அக்கா தங்கைகள். தூரத்தில் பார்த்தால் ஒரே முகம்தான். அதற்காக ஒருத்திக்குப் பேசிய மாப்பிள்ளையை இன்னொருத்திக்குக் கட்டிவைத்துவிட முடியாது.

முப்பத்தாறு இடங்களில் எது எவள் என்பது தெரிந்தது. முப்பத்தேழாவது இடம் பதினான்காம் பக்கத்தில், சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. கேஸ் வாசனை வந்தால் கீசரை உடனே 'ஷட் ஆஃப்' செய்யவும்.

எப்படிச் செய்வது? கீசரின் முகப்பில் ஒரு பொத்தான் இருந்தது. பின்பக்கம், சுவரிலிருந்து வரும் கேஸ் குழாயில் ஒரு கைப்பிடி இருந்தது. இரண்டுமே கையேட்டின் மூன்றாம் பக்கத்துப் படத்தில் எண்ணிட்டுக் காட்டப்பட்டிருந்தன. பொத்தான் என்றால் அபகார், கைப்பிடி என்றால் செர்ரார். ஆங்கிலம் எதைத் தொடச் சொல்கிறது என்பதை ஆங்கிலம் சொல்லவில்லை.

முடிவுசெய்ய முடியாத இடங்களில் நான் 'எலெஃபாந்தே' என்று எழுதிவைப்பது வழக்கம். யானை என்று பொருள். ஏறக்குறைய சரியான சொல் ஒன்றை எழுதிவைத்தால் கண் அதற்குப் பழகி, நாளடைவில் மன்னித்துவிடும். யானையைக் கண் மன்னிக்காது. என் கோப்பில் யானை நின்றால் அங்கே நான் இன்னும் தீர்மானிக்கவில்லை என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும். ஐந்து ஆண்டுகளில் ஒரு யானையும் வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை.

பத்தாவது கேள்வியை நான் இதற்குச் செலவழித்தேன். படத்தின் எண்களைக் குறித்து, இரண்டில் எது என்று ஒரே வாக்கியத்தில் கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: 'சொற்பட்டியலைப் பார்க்கவும்.'

சொற்பட்டியல் என்பது வாடிக்கையாளர் அனுப்பும் பட்டியல். ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஸ்பானியச் சொல் ஒன்று. இதில் நாற்பத்திரண்டு சொற்கள் இருந்தன. ஷட் ஆஃப் என்றால் அபகார். எல்லா இடத்திலும், எப்போதும். அதை மீறி வேறு சொல் எழுதினால் எங்கள் மென்பொருள் சிவப்புக் கோடு போடும். முப்பத்தாறு இடங்களிலும் நான் அபகாரையே எழுதினேன். இருபத்திரண்டில் அது சரியாகவே பொருந்தியது. மற்றப் பதினான்கில் அசிங்கமாக இருந்தது. அசிங்கம் யாரையும் கொல்லாது என்று சொல்லிக்கொண்டேன். பதினான்காம் பக்கத்தில் யானை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். என் மனைவிக்கு மூத்தவர்; கீசர் பழுதுபார்ப்பதே அவர் தொழில். எங்கள் சமையலறைக் கீசரில் தீ பற்றிப் பற்றி அணைந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றிப் பாத்திரத் தொட்டிக்குள் வைத்துவிட்டு, பழைய பல்துலக்கியால் உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக ஒரே வார்த்தையோடு நான் குடித்தனம் நடத்துவதாக என் மனைவி அவரிடம் முறையிட்டாள்.

"பொண்ணுக்குப் பேர் வைக்கவே இவருக்கு ஏழு மாசம் ஆச்சுண்ணே. அது வரைக்கும் அவ வெறும் பாப்பாதான். கீசருக்கு எத்தனை மாசமோ."

நான் மச்சானிடம், கேஸ் வாசனை வந்தால் இதை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டேன்.

அவர் பல்துலக்கியை நிறுத்தினார். "எதை நிறுத்த? தண்ணியையா, தீயையா, கேஸையா?"

இரண்டு வாரத்தில் என் கேள்வியை என்னிடமே திருப்பிக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். அவர் கையில் கரி இல்லாதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

"வாசனை வந்துட்டா இந்தப் பட்டன் பக்கமே கை போகக் கூடாது மாப்ள. உள்ள ஒரு சின்னப் பொறி பறந்தா போதும், முடிஞ்சுது. ஜன்னலைத் திற. பின்னாடி குழாய்ல இருக்கற கைப்பிடியைக் குறுக்கால திருப்பு. வெளிய போயி எனக்குப் போன் பண்ணு. ஏன், புத்தகத்துல வேற மாதிரியா போட்டிருக்கான்?"

புத்தகத்தில் எப்படியும் போடவில்லை, அதுதான் தொல்லை என்றேன். அப்படியானால் நீயே போட்டுவிடு என்றார். அவர்கள் சொன்னதைச் சொல்வதற்கு மட்டுமே எனக்குச் சம்பளம், சொல்லாததைச் சொல்வதற்கு அல்ல என்று விளக்கினேன். அவர் மூடியை எடுத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். 

"நீ சரியான வார்த்தையைத் தேடி எடுக்கறதுக்குள்ள அங்க வீடு இருக்காது மாப்ள."

திங்கட்கிழமை நான் யானையை வெளியேற்றினேன். 'கேஸ் வாசனை வந்தால் கேஸ் குழாயின் கைப்பிடியை மூடவும்' என்று செர்ராரைப் போட்டு எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்தது. ஏன் மீறினேன் என்று ஓரக்குறிப்பில் நான்கு வரி எழுதி முதல் பிரதியை அனுப்பினேன்.

புதன்கிழமை அது திரும்பி வந்தது. வாடிக்கையாளர் பக்கத்தில் ஒரு சரிபார்ப்பவர் இருக்கிறார். அவருக்கு ஸ்பானியம் தெரியாது; தெரியவேண்டிய தேவையும் இல்லை. சிவப்புக் கோடு இருந்தால் பட்டியல் சொல்லைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானை அழுத்துவார். அழுத்தியிருந்தார். வாக்கியம் 'கேஸ் வாசனை வந்தால் கீசரை அணைக்கவும்' என்று ஆகியிருந்தது. என் நான்கு வரிக் குறிப்பைக் காணவில்லை. என் கணக்கில் ஒரு பிழைப்புள்ளி ஏறியிருந்தது. ஆறு மாதத்தில் முதலாவது.

ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். ஒலிவாங்கியைக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டிருக்கும் பெண்மணி. கெட்டவர் அல்லர், மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் பார்ப்பவர். இன்னும் ஒரு கேள்வி வேண்டும் என்றேன்.

"பத்தும் முடிஞ்சுது சார். பதினொண்ணாவது கேட்டா, 'உங்க ஆளுக்கு ஸ்பானிஷ் தெரியுமா'ன்னு அவங்க நம்மளக் கேக்கறாங்க."

"திருத்துநர் ஐயா போன்ல கேக்கலாமே மேடம்."

"அவரு லீவை எல்லாம் கழிச்சுட்டிருக்காரு. நீங்க அந்த சீட்டுக்கு வந்ததும் நாள் பூரா போன் பேசுங்க, நான் வேண்டாங்கல. இப்போ நாலு மணிக்கு இது போகணும்."

மேசைக்குத் திரும்பினேன். புயல் தம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆறுதல் சொன்னார். அதே நிறுவனத்தின் இன்னும் நான்கு கீசர்களின் கையேடுகள் அவரிடம் இருந்தன, அதே சொற்பட்டியல்தான். அவற்றிலும் அந்த வாக்கியம் உண்டா என்று கேட்டேன். இருக்கும் என்றார், எல்லாவற்றிலும் அபகார் என்று போட்டுவிட்டாராம். பட்டியல் சொன்னதற்கு மேல் நமக்கென்ன தெரியும் என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் என்னை அதிகமாக எரிச்சலூட்டியது.

மணி மூன்றே கால். வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'கீசரை அணைக்கவும்.' இலக்கணம் சுத்தம், வினை சுத்தம், ஏவல் மரியாதையோடு இருந்தது. யாரும் இதைப் படித்து நிற்கமாட்டார்கள். அச்சுக்கோப்பவர் தாண்டிப் போவார், விநியோகிப்பவர் தாண்டிப் போவார். கடைசியில், எங்கோ ஒரு வீட்டில், மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒருவர் இதைப் படித்துவிட்டு விரலை நீட்டுவார். தவறு தவறாகத் தெரிந்தால் யாராவது கேட்பார்கள். இது சரியைப்போலவே உடுத்தியிருந்தது.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். அந்த நாற்பத்திரண்டு சொற்களில் திருகாணி இருந்தது, வாஷர் இருந்தது, உத்தரவாதம்கூட இருந்தது, கீசர் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று விட்டிருப்பார்கள்.

அணைக்கவும் என்பதை நான் தொடவில்லை. கீசரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யானையை நிறுத்தினேன். 'கேஸ் வாசனை வந்தால் யானையை அணைக்கவும்.' சிவப்புக் கோடு விழவில்லை. அனுப்பும் படிவத்தில் கையொப்பத்துக்கு மேலே ஒரு வாக்கியம் இருக்கும்: 'எல்லா இடங்களும் சொற்பட்டியலோடு ஒத்துப்போகின்றன.' மூன்று முறை படித்தேன். அது உண்மை. கையெழுத்திட்டேன்.  நான்கு மணிக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை வரை எதுவும் நடக்கவில்லை. அந்த நான்கு நாளும் நான் தூங்கினேன் என்று எழுதினால் அது பொருட்பிழை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் என் மேசையருகே வந்து நின்றார். கையில் தொலைபேசி இருந்தது. அதன் வாயைப் பொத்தியிருந்தார்.

"சார், கீசருக்குள்ள யானை எப்படிப் போச்சு?"

விற்பனை நடக்கவிருந்த நாட்டிலிருந்து, அச்சுக்கு முன் பக்கங்களைப் பார்த்த பெண் ஒருவர் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார். இது ஏதாவது புதிய வகைக் கருவியா என்று உண்மையாகவே கேட்டிருக்கிறார். கடிதம் மூன்று மேசைகளைத் தாண்டி, கீசரை வடிவமைத்த பொறியாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்தான் தொலைபேசியில் இருந்தார். திருத்துநர் இன்னும் விடுப்பில் இருந்ததால், ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

பொறியாளர் இரண்டு நிமிடம் திட்டினார். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டேன்; திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் என் பத்தாவது கேள்வியைக் கேட்டேன். மூன்றாம் பக்கத்துப் படத்தில் ஐந்தாம் எண் பொத்தானா, ஒன்பதாம் எண் கைப்பிடியா?

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. ஒன்பதுதான் என்றார். பொத்தானை யார் தொடச் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான், சொற்பட்டியல் வழியாக, என்றேன். பிறகு அவர் குரல் தணிந்தது. அந்த வாக்கியம் பதினாறு ஆண்டுகளுக்கு முந்தைய கீசருக்காக எழுதியதாம். அந்தக் கீசருக்குப் பொத்தானே கிடையாது. நிறுத்துவது என்றால் கைப்பிடியைத் திருப்புவது ஒன்றுதான். புதிய கீசருக்குப் பொத்தான் வைத்தார்கள், படத்தைப் புதிதாக வரைந்தார்கள், வாக்கியத்தை மட்டும் அப்படியே தூக்கி வைத்தார்கள். இந்தக் கையேட்டில் உடனே மாற்றிவிடச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். மற்ற நான்கு கையேடுகளைப் பற்றி நான் தொடங்கிய வாக்கியம் வினைமுற்றை எட்டவில்லை.

அந்தத் தொலைபேசியில் நான் பேசியது மொத்தம் ஏழு நிமிடம்.

பிற்பகல் ஒருங்கிணைப்பாளர் கதவைச் சாத்திவிட்டுப் பிழைப் படிவத்தை எடுத்தார். அதில் பிழையின் வகையைக் குறிக்க வேண்டும். தட்டச்சுப் பிழை என்றால் ஒரு புள்ளி. பொருட்பிழை என்றால் ஐந்து. அவர் பேனாவைத் தட்டச்சுப் பிழையின் மேல் வைத்திருந்தார்.

"உங்க யானைப் பழக்கம் எல்லாருக்கும் தெரியும் சார். ஒண்ணு மறந்து தங்கிடுச்சு, அவ்வளவுதானே? இதைப் போட்டா உங்களுக்கு மொத்தம் ரெண்டு. சீட்டு உங்களுக்குத்தான்."

அது கருணை, எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் படிவத்தை நானும் பலமுறை படித்தவன். தட்டச்சுப் பிழை என்று குறித்தால் அதன் பொருள், விரல் தவறியது, மற்றபடி வாக்கியம் சரி என்பது. படிவம் கோப்புக்குள் போய்விடும். பொருட்பிழை என்று குறித்தால் கீழே இன்னொரு கட்டம் திறக்கும்: 'காரணம்.' அங்கே 'சொற்பட்டியல்' என்று எழுதினால், வாடிக்கையாளர் பட்டியலை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். அதுவரை அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் எந்தக் கையேடும் அச்சுக்குப் போகக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் அதைச் செய்ய வேறு வழி கிடையாது. திருத்துநருக்கு உண்டு. ஆனால் நான் திருத்துநர் ஆவதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. புயலின் நான்கு கையேடுகளும் வெள்ளிக்கிழமை போகவிருந்தன.

தட்டச்சுப் பிழை அல்ல என்றேன். ஸ்பானியத்தில் எட்டெழுத்துள்ள விலங்கு விரல் தவறி வராது என்றேன்.

"சார், யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்காம எழுதினா அதுதான் மேடம் தட்டச்சுப் பிழை."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். பொருட்பிழையைக் குறித்தேன். காரணக் கட்டத்தில் 'சொற்பட்டியல், ஷட் ஆஃப்' என்று எழுதினேன். மொத்தம் ஆறு புள்ளிகள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை, வேலையை விட்டுவிட்டுச் சாமியாராகப் போகிறவர்களுக்காகத்தான் வைத்திருப்பார்கள்.

நான்கு கையேடுகள் நின்றன. நாற்காலி புயலுக்குப் போனது. வீட்டில் சொன்னேன்.  என் மனைவி எழுந்து போய், கீசரின் பின்பக்கக் கைப்பிடியை ஒருமுறை குறுக்கே திருப்பி, மறுபடி நேராக்கிவிட்டு வந்தாள். மறுநாள் அவள் வழியாகச் செய்தி போய், மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது.

"யானையை அணைக்கச் சொன்னியாமே. நாம யானையை அணைச்சா பரவால்ல மாப்ள, அது நம்மள அணைச்சாதான் ஆபத்து."

அவரே சிரித்து முடித்தார். சீட்டு போனதா என்று கேட்டார். போனது என்றேன். புத்தகத்துலருந்து பட்டன் போச்சுல்ல, அது போதும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய சொற்பட்டியலோடு கையேடு புதிய வேலையாகத் திரும்பி வந்தது. நாற்பத்திரண்டு சொற்களில் ஒன்று மாறியிருந்தது. ஷட் ஆஃப் என்றால் செர்ரார். எல்லா இடத்திலும், எப்போதும். மென்பொருள் முப்பத்தேழு இடங்களிலும் தானாகவே மாற்றிவைத்திருந்தது. பதினான்காம் பக்கம் இப்போது பழுதில்லாமல் இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில், திரையின் விளக்கை மூடவும் என்றிருந்தது. நாற்பதாம் பக்கத்தில், சுடரை மூடிவிட்டுத் துடைக்கவும் என்றிருந்தது.

திருத்துநர் அறையின் கதவைத் தட்டினேன். தாள்கட்டு பறக்காமலிருக்கப் புயல் அதன்மேல் தொலைபேசியைப் பாரமாக வைத்திருந்தார். ஒரே ஒரு கேள்வி, வாடிக்கையாளரை அழைத்துக் கேட்க வேண்டும் என்றேன்.

"கேள்விப் பட்டியல்ல போடுங்க சார்," என்றார் மரியாதையோடு. "உங்களுக்கு இன்னும் பத்து இருக்கே."

மேசைக்கு வந்து புதிய கேள்விப் பட்டியலைத் திறந்தேன். முதல் கட்டத்தில் பக்க எண்ணை எழுதினேன்.